விமானத்தை விரட்டிய கல்யாணக் கொடி

கல்யாணத்தன்று மாப்பிள்ளை வந்து சேரும்வரை பெண் வாசற்படி தாண்டக் கூடாது. ஸ்கார்வே தீவில் இந்தச் சட்டத்தைப் போட்ட புண்ணியவான் யாரோ தெரியாது. விமான நிலையத்தில் வேலை பார்க்கிற பெண்ணுக்கும் ஒருநாள் கல்யாணம் வரும் என்று அந்த மனுஷன் கனவிலும் நினைத்திருக்க மாட்டான். மர்டினா அப்படிப்பட்ட பெண். சரியாகச் சொன்னால், தீவின் விமான நிலையமே அவள்தான்.

வடக்குக் கடற்கரைதான் ஓடுதளம். கடல் உள்வாங்கியதும் மணல் இறுகித் தரை மாதிரி ஆகிவிடும். அந்த நேரம் பார்த்து மேற்குக்கடல் விமானக் கம்பெனியின் சின்ன விமானம் கிளாஸ்கோவிலிருந்து எட்டுப் பேரைச் சுமந்துகொண்டு வந்து இறங்கும். கடல் திரும்பி வந்துவிட்டால் விமான நிலையம் மீன்களுக்குச் சொந்தம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறில் ஊர் உலகமெல்லாம் விமானங்கள் கடிகாரம் பார்த்துப் பறந்தன, ஸ்கார்வேயில் மட்டும் நிலாவைப் பார்த்துப் பறந்தன.

சிப்பி பொறுக்குகிறவர்களை ஓரம்கட்டுவது, மேய வந்த மாடுகளை விரட்டுவது, பயணிகளைக் கம்பளி மூட்டைத் தராசில் ஏற்றி எடை பார்ப்பது, "நான் அவ்வளவு எடையெல்லாம் இல்லம்மா" என்று சண்டைக்கு வருகிறவர்களைச் சமாளிப்பது, எல்லாம் மர்டினா ஒருத்திதான். விமானம் வரும் நேரத்தில் வெள்ளைக் கித்தானை ஆங்கில 'டி' எழுத்து வடிவில் மணலில் விரித்து வைப்பாள். அது தெரிந்தால் விமானி இறங்கலாம். கரையில் எங்காவது சிவப்புத் துணி பறந்தால், என்ன ஆனாலும் இறங்கக் கூடாது. போன வருஷம் ஒரு மாடு விமானத்தோடு மல்லுக்கு நின்ற பிறகு அந்தச் சிவப்புத் துணி விதியைக் கொண்டுவந்ததே அவள்தான். கம்பெனியும் சபாஷ் சொல்லி, எல்லா விமானிகளுக்கும் அதைக் கண்டிப்பாகச் சொல்லிவைத்திருந்தது.

இப்பேர்ப்பட்டவளை வெள்ளைப் பட்டு கவுனைப் போட்டு, தலையில் வெள்ளை முக்காட்டு வலையை மாட்டி, அண்ணன் வீட்டு ஜன்னலோரம் உட்கார வைத்துவிட்டார்கள். கடற்கரைப் பொறுப்பு அன்றைக்கு அண்ணன் கேலமிடம். கேலம் நல்லவன். தீவிலேயே அவனைப் போல நல்லவன் கிடையாது. ஆனால் ஒரு வேலையைச் சொன்னால், அதற்குப் பக்கத்தில் இருக்கிற வேலையைச் செய்துவிட்டு வருவான்.

"அண்ணா, கித்தானை விரிச்சிட்டியா?" என்று காலையிலிருந்து எத்தனை தடவை கேட்டாள் என்பதற்குக் கணக்கே இல்லை.

"விரிச்சாச்சு, விரிச்சாச்சு. நீ மூஞ்சிய நேரா வச்சுக்கிட்டு உக்காரு. கல்யாணப் பொண்ணு மாதிரியா இருக்க? வரி வசூல் பண்ண வந்தவ மாதிரி இருக்க."

அவள் முகம் அப்படி இருந்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. மாப்பிள்ளை லாக்லனுக்குக் கிளாஸ்கோ பக்கம் கப்பல் கட்டும் பட்டறையில் வேலை. லீவு என்றால் எண்ணி மூன்று நாள்தான் கொடுப்பார்கள். முதல் தடவை கல்யாணத்துக்கு நாள் குறித்தபோது புயலில் கப்பல் புறப்படவே இல்லை, துறைமுகத்திலேயே லீவு தீர்ந்து திரும்பிப் போனான். இரண்டாவது தடவை மூடுபனி. சமைத்த கோழிகளை ஊரே உட்கார்ந்து துக்கச் சாப்பாடு மாதிரி சாப்பிட்டுவிட்டுப் போனது. அன்றைக்கு இஷ்பெல் அத்தை ஒரு பேச்சுப் பேசினாள்.

"மூணாவது தடவையும் அவன் வரலைன்னா மோதிரத்தைத் திருப்பி அனுப்பிடணும்டி. வராதவனுக்காகக் காத்துக்கிட்டு உக்காந்திருக்கறது என்னோட போகட்டும். இந்தக் குடும்பத்துல ஒருத்தி போதும்."

மர்டினா சரி என்று சொல்லிவிட்டாள். வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான். தாய் இல்லாத அவளையும் கேலமையும் வளர்த்து ஆளாக்கியவள் இஷ்பெல். அவளிடம் பொய் வாக்குக் கொடுக்க முடியாது. அதோடு, உண்மையைச் சொல்வதானால், மர்டினாவுக்கும் கால் கடுத்துப் போயிருந்தது. எத்தனை தடவைதான் ஒருத்தி வானத்தைப் பார்ப்பாள்?

இஷ்பெல் அத்தையின் கதை தீவில் எல்லாருக்கும் தெரியும். கல்யாண நாள் காலையில் வீட்டுக்கு வீடு கூரையில் கொடி ஏற்றுவது ஸ்கார்வே வழக்கம். எங்களுக்கு மனசாரச் சம்மதம், மாப்பிள்ளை நல்லபடியாக வரட்டும் என்று அதற்கு அர்த்தம். முப்பது வருஷத்துக்கு முன்னால் இஷ்பெல்லும் தன் கல்யாணத்துக்குச் சிவப்புக் கம்பளித் துணியில் கொடி ஏற்றினாள். மாப்பிள்ளை அடுத்த தீவிலிருந்து படகில் வர வேண்டும். இடையில் மழை பிடித்துக்கொண்டது. புதுத் துணி நனைந்து சாயம் போய்விடுமே என்று கொடியை இறக்கி உள்ளே வைத்தாள். படகு வரவே இல்லை. புயலில் கவிழ்ந்த படகுக்கும் உன் கொடிக்கும் என்ன சம்பந்தம் என்று பாதிரியார் உட்பட எல்லாரும் சொல்லிப் பார்த்துவிட்டார்கள். அவள் காதில் ஏறவில்லை. அந்தத் துணியைத் தூக்கிப் போடவும் மனசு வரவில்லை. உள்பாவாடையாகத் தைத்து உடுத்திக்கொண்டாள். அதன் பிறகு யார் வீட்டுக் கல்யாணத்துக்கும் அவள் வீட்டுக் கூரையில் கொடி ஏறியதே இல்லை.

அதனால்தான் அன்று காலை கடற்கரையோரம் இருக்கும் அத்தை வீட்டுக் கூரையில் சிவப்பாக ஏதோ மெல்ல மெல்ல ஏறுவதை ஜன்னல் வழியாகப் பார்த்த மர்டினா நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தாள்.

"அண்ணா! அங்க பாரு! அத்தை கொடி ஏத்தறாங்க! எனக்காக ஏத்தறாங்க!"

கேலமும் பார்த்தான். அவன் கண்ணும் கலங்கியது. "கிழவி பாவாடையையே ஏத்திருச்சேடி" என்று மூக்கை உறிஞ்சினான். அண்ணனும் தங்கையும் கட்டிக்கொண்டு அழுதார்கள். சிவப்புத் துணி விதியை எழுதிய மகராசி சிவப்பைப் பார்க்கிறாள், அழுகிறாள், சிரிக்கிறாள், மறுபடியும் அழுகிறாள். விதியின் ஞாபகம் மட்டும் வரவே இல்லை. சந்தோஷம் வந்தால் மூளைக்கு விடுமுறை விட்டுவிடுகிறோம், வேறென்ன.

கடல் நன்றாக உள்வாங்கியிருந்தது. தபால் நிலையத்துக்கு ஃபோன் வந்துவிட்டது, விமானம் கிளம்பிவிட்டது, மாப்பிள்ளை உள்ளே இருக்கிறார் என்று. ஒரே ஒரு விஷயம், வழக்கமாக வரும் விமானிக்குக் காய்ச்சலாம். தெற்கே இங்கிலாந்திலிருந்து புதிதாக வந்த ஹார்க்நெஸ் என்பவர் ஓட்டிக்கொண்டு வருகிறார்.

கொஞ்ச நேரத்தில் இரைச்சல் கேட்டது. கடற்கரையில் கூடியிருந்த ஊர் ஜனம் தொப்பியைக் கழற்றி வீசியது. விமானம் தாழ்ந்து வந்தது, இன்னும் தாழ்ந்தது, சக்கரம் மணலைத் தொடப்போகிறது என்று எல்லாரும் மூச்சைப் பிடித்தார்கள். திடீரென்று மூக்கைத் தூக்கிக்கொண்டு மேலே போய்விட்டது.

"என்னடி இது, எட்டிப் பாத்துட்டுப் போறான்?" என்றான் கேலம்.

மர்டினா மணலைப் பார்த்தாள். வெறும் மணல். "கித்தான் எங்க?"

"அதான் விரிச்சிட்டேன்னு சொன்னேனே."

"எங்க விரிச்ச?"

"பள்ளிக்கூடத்துல. விருந்து மேஜை மேல. அவ்வளவு நீளத்துக்கு வெள்ளைத் துணி தீவுல வேற யார்கிட்ட இருக்கு? பாக்கி எல்லாம் மீன் நாத்தம் அடிக்குது."

பள்ளிக்கூடம் குன்றுக்கு அந்தப் பக்கம். கித்தானின் மேல் இருபது வேகவைத்த கோழியும், ஓட்ஸ் ரொட்டி மலையும், விஸ்கிப் பாட்டில்களும் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. மர்டினா அண்ணனைப் பார்த்த பார்வையில் கல்லாக இருந்தால் பிளந்திருக்கும். பிறகு அவள் கண் தானாக அத்தை வீட்டுக் கூரைக்குப் போனது. அங்கே காற்றில் படபடவென்று, கடற்கரை முழுக்கத் தெரிகிற மாதிரி, சிவப்பு.

அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஐயோ அண்ணா, நம்ம கொடிதான் அவரை விரட்டுது!"

வாசற்படியாவது சட்டமாவது! கவுனை முழங்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு, ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு ஓடினாள். "பொண்ணு வெளிய வந்துட்டா! பொண்ணு வெளிய வந்துட்டா!" என்று பின்னால் கிழவிகள் கூப்பாடு போட்டார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கடற்கரைக் கொட்டகைக்குள் நுழைந்தாள். வெளியே வந்தபோது உடம்பில் கம்பெனியின் மழைக் கோட்டு, கையில் கல்யாணக் கவுன்.

"அடியே, பைத்தியமாடி உனக்கு?" என்று அலறினான் கேலம். "மூணு வருஷம் சேத்து வச்சு வாங்கின பட்டு!"

"மாப்பிள்ளையே இல்லாம பட்டை வச்சு என்ன பண்றது, தலகாணிக்கு உறை தைக்கறதா? உன் சட்டையக் கழட்டு. வெள்ளைதானே? கழட்டுண்ணா, வெக்கப்படாத!"

ஈர மணலில் கவுனை நீளமாக விரித்தாள். அதன் தலைப்பக்கம் கேலமின் சட்டையும் வலையும் குறுக்கே. ஓரங்களில் சிப்பிகளைப் பாரம் வைத்தாள். கொஞ்சம் கோணலான 'டி'தான், ஆனால் 'டி'. மேலே வட்டமடித்த விமானம் அதைப் பார்த்துவிட்டது. மறுபடியும் தாழ்ந்தது. ஜன்னலில் ஒரு கை பைத்தியம் பிடித்த மாதிரி ஆடியது. அது லாக்லனின் கை, மர்டினாவுக்கு ஆயிரம் கைகளுக்கு நடுவிலும் அடையாளம் தெரியும். கூரைக்கு நேராக வந்ததும் விமானம் மறுபடியும் மேலே போய்விட்டது. பாவம் அந்த ஹார்க்நெஸ், வெள்ளை வா என்கிறது, சிவப்பு வராதே என்கிறது. புது ஆள் எதைக் கேட்பார்?

தூரத்தில் வெள்ளிக் கோடு மாதிரி ஒன்று மின்னியது. கடல் திரும்பிக்கொண்டிருந்தது.

"இனி யோசிக்க நேரமில்ல" என்று சொல்லிவிட்டு, சட்டையில்லாத கேலம் அத்தை வீட்டுப் பக்கம் ஓடினான். சுவரில் ஏணி சாத்தியே இருந்தது. இரண்டு படி ஏறிவிட்டான்.

"அதைத் தொடாத!"

மர்டினாவின் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. ஓடி வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னடி தொடாத? அதை இறக்கினாத்தான் அவன் இறங்குவான்!"

"தெரியும். தெரிஞ்சுதான் சொல்றேன். அத்தை முப்பது வருஷம் கழிச்சு ஏத்தின கொடி அது. மறுபடியும் பாதியில இறங்கறதை அவங்க பாக்கக் கூடாது. அதை இறக்கித்தான் எனக்கு மாப்பிள்ளை வரணும்னா, வேணாம். மோதிரத்தைத் திருப்பி அனுப்பிக்கறேன். நீ கீழ இறங்கு."

சொல்லிவிட்டாள், ஆனால் கண்ணீர் மழைக் கோட்டில் சொட்டியது. துடைக்கக் கூட இல்லை.

கதவருகே இஷ்பெல் அத்தை நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். மேலே சுற்றுகிற விமானத்தைப் பார்த்தாள், சிவப்புத் துணியைப் பார்த்தாள், மணலில் கிடக்கும் பட்டு கவுனைப் பார்த்தாள். அவள் முகத்தில் என்னென்னவோ வந்து போனது. பிறகு விடுவிடுவென்று உள்ளே போனாள்.

வெளியே வந்தபோது அவள் கையில் மூட்டையாக ஏதோ இருந்தது. "நகருடா தடியா" என்று கேலமைத் தள்ளிவிட்டு, அறுபதை நெருங்கும் பெண்மணி ஏணியில் விறுவிறுவென்று ஏறினாள்.

"அத்தை, வேணாம், இறக்காதீங்க!"

"எவடி இறக்கப் போறது? இறக்கத்தான் கூடாது. மூடக் கூடாதுன்னு எவனாவது சொல்லியிருக்கானா?"

மூட்டையை உதறினாள். அது அவளுடைய நைட்டி. கழுத்திலிருந்து கணுக்கால்வரை மறைக்கிற, தீவில் ஒரு ஜீவனும் அதுவரை கண்ணால் பார்த்திராத, தூய வெள்ளை ஃபிளானல் நைட்டி. இஷ்பெல் அத்தை சின்னப் பெண் இல்லை, அவளுக்கு ஏற்ற அளவுதான் அதுவும். கொடிக்கம்பத்தின் தலையில் கழுத்தை மாட்டி, குழந்தைக்குச் சட்டை போடுகிற மாதிரி சிவப்பின் மேல் இழுத்துவிட்டாள். மேற்குக் காற்று உள்ளே புகுந்தது. நைட்டி உப்பியது. இரண்டு கைகளும் விறைத்து எழுந்து ஆட ஆரம்பித்தன.

ஊரே அண்ணாந்து பார்த்தது. அப்புறம் சிரித்தது பாருங்கள், அந்தச் சிரிப்பு! பாதிரியார் திரும்பி நின்று கடலைப் பார்த்துச் சிரித்தார்.

"பல்லைக் காட்டினது போதும்!" என்று கூரை மேலிருந்து கத்தினாள் அத்தை. "மாட்டை விரட்டுங்க! ஆள் இறங்கப் போகுது!"

விமானம் வந்தது. இந்தத் தடவை தயங்கவே இல்லை. கடல் நீர் மணலை நக்க ஆரம்பித்த இடத்தில், இரண்டு பக்கமும் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு இறங்கியது. ஒரு சக்கரம் பட்டு கவுனின் நட்ட நடுவில் ஏறிப் போனது. நின்றதும் பத்துப் பேர் ஓடிப்போய் விமானத்தை மேட்டுப் புல்வெளிக்குத் தள்ளினார்கள். கவுனைக் காற்றும் கடலும் கொண்டுபோவதற்குள் கேலம் பாய்ந்து பிடித்துவிட்டான். அன்றைக்கு அவன் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அதுதான்.

கதவு திறந்ததும் லாக்லன் குதித்தான். முகம் வெளிறியிருந்தது. "மர்டினா, நீ என்னை வேணாம்னு சிவப்புக் கொடி காட்டறேன்னு நெனச்சேன்டி! அந்த மனுஷன் திரும்பிப் போகலாம்னாரு. கதவைத் திறந்து குதிச்சிடுவேன்னு சொல்லித்தான் சுத்த வச்சேன்!"

"குதிச்சிருந்தா கொன்னிருப்பேன்" என்றாள் மர்டினா. சொல்லிக்கொண்டே அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

பின்னாலேயே இறங்கிய ஹார்க்நெஸ் தொப்பியை எடுத்துத் தலையைச் சொறிந்தார். "மன்னிக்கணும் மிஸ். சிவப்பு தெரிஞ்சா இறங்காதேன்னு கம்பெனி உத்தரவு. ஆனா கடைசியில கூரை மேல ஒரு குண்டம்மா ரெண்டு கையையும் ஆட்டி வா வான்னு கூப்பிட்டாங்க. அதுக்கப்புறம் எப்படி வராம இருக்க முடியும்? காத்து எந்தப் பக்கம்னும் அவங்கதான் காட்டினாங்க."

"அந்தக் குண்டம்மா நான் இல்ல" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "என் நைட்டி."

கூட்டம் விலகியது. இஷ்பெல் அத்தை மூச்சிரைக்க வந்து நின்றாள். இரண்டு தடவை வராத லாக்லன், என்ன திட்டு விழுமோ என்று தலையைக் குனிந்தான். அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் கால்களைப் பார்த்தாள். ஈர மணலில் ஊன்றி நின்ற இரண்டு பூட்ஸ் கால்களையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு அவன் கன்னத்தைத் தன் சொரசொரப்பான கையால் தடவினாள்.

"வந்துட்டியாப்பா" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். அந்த ஒரு வார்த்தையை அவள் எத்தனை வருஷமாக வைத்திருந்தாள் என்று அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். சற்று முன் சிரித்தவர்கள் எல்லாரும் அழுதார்கள். கேலம் மட்டும் அழ முடியாமல் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தான், அவன் சட்டையைக் கடல் கொண்டுபோயிருந்தது.

கல்யாணம் ஜாம் ஜாம் என்று நடந்தது. பெண், குறுக்கே சக்கரத் தடம் ஓடிய ஈரக் கவுனில். "தேய்ச்சு விடறேன் வா" என்று நாலு பேர் வந்தார்கள். "அது கிடக்கட்டும், வண்டி வந்ததுக்கு அத்தாட்சி" என்று சொல்லிவிட்டாள். கடல் ஏறிவிட்டதால் ஹார்க்நெஸ்ஸும் அன்று அங்கேயே தங்க வேண்டியதாயிற்று. கித்தான் விரித்த மேஜையில் இரண்டு கோழியைத் தனி ஆளாகத் தீர்த்தார், இஷ்பெல் அத்தையோடு மூன்று ஆட்டம் ஆடினார்.

மறுநாள் வழக்கப்படி எல்லா வீட்டுக் கொடிகளும் இறங்கின. அத்தை லாக்லனை ஏணியில் ஏறச் சொல்லித் தன் கொடியை இறக்கினாள். சிவப்புத் துணியை மடித்து மர்டினாவின் கையில் வைத்தாள். "இனிமே நான் இதை உடுத்தமாட்டேன். நாளைக்கு உன் பொண்ணு கல்யாணத்துக்கு ஆகும், வச்சுக்கோ" என்றாள்.

ஆனால் நைட்டி விஷயம் அத்தோடு முடியவில்லை. கம்பெனி விமானிகள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு, அடுத்த வாரமே வானத்திலிருந்து கூரையைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள். மர்டினா கணவனோடு கிளாஸ்கோவுக்குக் குடி போனதும் கடற்கரை வேலையும் அத்தையிடமே வந்தது. காற்றின் திசை காட்ட கம்பெனி புத்தம் புதுத் துணிக்குழாய் ஒன்றை அனுப்பி வைத்தது. அத்தை அதில் உருளைக்கிழங்கு போட்டு வைத்துக்கொண்டாள். விமானம் வரும் நாளில் நைட்டிதான் ஏறும். சிலபோது விமானம் வர நேரமாகும், நடுவில் மழை பிடித்துக்கொள்ளும். "நனையுதே, இறக்கிடட்டுமா?" என்று கேலம் கேட்பான்.

"நனையட்டும்" என்பாள் அத்தை. ஆள் இறங்கும்வரை அவள் அதை இறக்கியதே இல்லை.